ஆடியவர்களை அழைப்போம்

விவாகமானால் பெண்ணின் விளையாட்டு முடிந்தது என்றே வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நம்மவர் பலர் இன்னும் எண்ணுகின்றனர்.

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதில் இந்தியக் கூடைப்பந்தாட்ட மாதர் அணித் தலைவியானவர். தாயான பின்னும் களத்திற்குத் திரும்பினார். 2017இல் பெங்களூரில் ஆசியக் கிண்ண ‘பி’ பிரிவு இறுதியாட்டத்தில் அவ்வணி கசகஸ்தானை 75–73 என வென்றது. இரண்டே புள்ளிகள்! 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இத்தகைய அநுபவம் நம்மிடையே அடுப்படியோடு அடங்கிவிடுகிறது. உதவிப் பயிற்றுநர் என்றால் பந்து பொறுக்குபவர் என்பது சிலர் நினைப்பு. பிள்ளைகளின் கால்வைப்பை நூறு தடவை திருத்துபவரும், தோற்றவளின் பக்கத்தில் அமர்பவரும் அவரே. நமது மகளிர் கல்லூரிகள் பழைய வீராங்கனைகளை இப்பணிக்கு அழைக்கட்டும், வேதனமும் கொடுக்கட்டும். சும்மா வரச்சொன்னால் எத்தனை நாள் வருவார்கள்?