லென்சும் நின்ற இடமும்



என் அத்தை தனியாக எடுத்துக்கொண்ட புகைப்படம் ஒன்றே ஒன்றுதான். எடுத்தவன் நான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த காலம். இரவல் வாங்கிய 28 மில்லிமீட்டர் லென்சைக் காமிராவில் மாட்டி, முகம் படத்தை நிறைக்க வேண்டுமென்ற ஆசையில், அவருடைய மூக்குக்கு 30 சென்டிமீட்டர் தூரம்வரை நெருங்கிவிட்டேன். படம் கழுவி வந்தது. மூக்கு முகத்தை விட்டு முன்னே புறப்பட்டிருந்தது. காதும் தோடும் எங்கோ பின்னே ஒடுங்கிவிட்டன. "ஏண்டா, நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டார். படம் டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போயிற்று. அதன்பின் அவர் காமிராவின் முன் உட்கார இசையவே இல்லை.

குற்றவாளி லென்சுதான் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பின்பே உண்மை விளங்கிற்று. மூக்கு நுனியிலிருந்து காதுவரை ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் ஆழம் என்று கொள்வோம். மூக்கு 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் காது 42 சென்டிமீட்டரில் இருக்கிறது. தூரம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, உருவம் அத்தனை மடங்கு சிறுக்கும். ஆகவே மூக்கு நூறு பங்கு பெற்றால் காதுக்குக் கிடைப்பது 71 பங்குதான். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றிருந்தால் காதும் 93 பங்கு பெற்றிருக்கும். இந்தக் கணக்கில் லென்ஸ் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நின்ற இடம் ஒன்றே வருகிறது.

ஐயமுள்ளவர்கள் சோதித்துப் பார்க்கலாம். காமிராவை முக்காலியில் நிறுத்தி, 28 மில்லிமீட்டர் லென்சால் ஒரு தெருவைப் படமெடுங்கள். இடம் மாறாமல் 135 மில்லிமீட்டர் லென்சால் இன்னொன்று எடுங்கள். முதற்படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால், அருகிலுள்ள வீடும் தொலைவிலுள்ள மரமும் இரண்டாம் படத்தில் உள்ள அதே விகிதத்தில் இருக்கும். தெளிவு குறையும், அவ்வளவே.

அப்படியானால் லென்சுக்கு என்ன வேலை? 24க்கு 36 மில்லிமீட்டர் பிலிமில், 28 மில்லிமீட்டர் லென்ஸ் மூலைக்கு மூலை 75 பாகையை வாரிக்கொள்கிறது. 135 மில்லிமீட்டர் லென்சோ 18 பாகையோடு நின்றுவிடுகிறது. முன்னது நம்மைக் கிட்டே இழுக்கிறது, பின்னது தள்ளி நிறுத்துகிறது. நாமும் அறியாமலே கீழ்ப்படிகிறோம். முகப்படக்காரர் பலர் 85 முதல் 105 மில்லிமீட்டர் வரையுள்ள லென்சை விரும்புவது இதனால்தான்.

தள்ளி நிற்பதிலும் ஆபத்து உண்டு. 2020 ஏப்ரலில், கொரோனாத் தொற்று பரவியிருந்தபோது, டென்மார்க்கின் ரிட்சௌ ஸ்கான்பிக்ஸ் செய்தி நிறுவனத்துப் புகைப்படக்காரர் இருவர், பொது இடங்களில் நின்றவர்களை இருவகை லென்சாலும் எடுத்துக் காட்டினார்கள். தொலைநோக்கு லென்சில் தோளோடு தோள் இடிப்பதாகத் தோன்றியவர்கள், அகன்ற லென்சில் தாராளமாக விலகி நின்றார்கள். இரண்டு மீட்டருக்கு ஒருவராக நிற்கும் வரிசையை 3 மீட்டரிலிருந்து பார்த்தால், இரண்டாமவர் முதல்வரின் உயரத்தில் ஐந்தில் மூன்று பங்காகத் தெரிவார். 30 மீட்டரிலிருந்து பார்த்தால் பதினாறில் பதினைந்து பங்கு! உருவம் சிறுக்காதபோது இடைவெளியும் இல்லையென்று கண் முடிவுகட்டிவிடுகிறது. ஒழுங்காக நின்றவர்கள்மேல் பழி விழ இது போதாதா?

அத்தை காலமான பிறகு அந்த நெகட்டிவைத் தேடியெடுத்துப் பத்து மடங்கு பெரிதாக அச்சிட்டேன். 28 மில்லிமீட்டரில் எடுத்ததைப் பத்து மடங்காக்கினால், ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும். காமிரா கண்ட கோணம் அப்போதுதான் நம் கண்ணுக்கும் கிட்டும். பழைய அச்சு உள்ளங்கையளவு. அதை அவ்வளவு சரியாகப் பார்க்கக் கண்ணில் ஒட்டிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். புதிய படத்தைக் கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல முகத்தருகே கொண்டுவந்தேன். மூக்கு தன் இடத்துக்குத் திரும்பிற்று. காதும் தோடும் முன்னே வந்தன.