இருமலும் பாமசியும்



வீட்டில் ஒருவருக்கு இருமல் என்றால், கொத்தமல்லி அவித்துக் குடித்தும் சரிவராதபோது, நாம் முதலில் போய் நிற்பது சந்தியிலுள்ள பாமசியில்தான். "இருமலுக்கு ஏதாவது தாங்கோ தம்பி." அதில் குறை சொல்வதற்கில்லை; கிட்டிய வாசல் அதுதான். காசநோயாளி பலரும் முதலில் வந்து நிற்பதும் அதே வாசலில்தான்.

அங்கே ஒரு பாணி மருந்தும் ஐந்து நாளைக்கு அன்ரிபயோட்டிக் குளிசையும் கிடைத்தால் என்ன நடக்கும்? லீவோபுளொக்சசின் போன்றவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். இருமல் தணியும், காய்ச்சல் விடும். சளிப் பரிசோதனையில் கிருமி தென்படாமலும் போகலாம். சில வாரங்களில் இருமல் திரும்பும். பிறகு வேறொரு பாமசி, வேறொரு குளிசை. இதற்கிடையில் அதே அறையில் படுக்கும் பேரப்பிள்ளைக்கும் நோய் தொற்றுகிறது. எஞ்சிய கிருமிகள் மருந்தை எதிர்க்கப் பழகிவிடுகின்றன. வழமையான மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்கு நாம் நம்பியிருக்கும் மருந்துகளில் லீவோபுளொக்சசினும் ஒன்று! 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்தபோதே இந்தப் பாடம் கிடைத்துவிட்டது. அதனால்தான் இன்று நான்கு மருந்துகளைச் சேர்த்துத் தொடங்கி, ஆறு மாதம் கொடுக்கிறோம்.

மருந்தாளர் கேட்கவேண்டியது ஒரு கேள்விதான்: "எத்தனை நாளாக இருமல்?" இரண்டு வாரத்துக்கு மேலென்றால், மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பிவிடலாம். அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம். ரிஃபாம்பிசின் குடிப்பவருக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகும், பயப்படவேண்டாம் என்று சொல்லவும், கருத்தடைக் குளிசை அதனோடு சரியாக வேலை செய்யாது என்று பெண்களை எச்சரிக்கவும் அவரால் முடியும். இரண்டாம் மாதத்தில் சுகம் என்று மருந்தை நிறுத்துபவர்களை முதலில் காண்பவரும் பல வேளைகளில் அவரே.

துண்டில்லாமல் அன்ரிபயோட்டிக் விற்கக்கூடாது என்பது சட்டம். ஆனால் "துண்டு இருக்கோ?" என்று கேட்கும் மருந்தாளரிடம் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் யார்? லண்டனிலும் ரொறன்ரோவிலும் துண்டில்லாமல் வாங்கமுடியாத அமொக்சிசிலினை, விடுமுறைக்கு வந்து பெட்டியோடு வாங்கிப்போகும் சகோதரிகளும் எம்மிடையே உண்டு. (சிரிக்கிறீர்கள்; அப்படியென்றால் தெரிந்தவர்கள்தான்!)

மருந்தாளர்களாகப் பணியாற்றும் எமது மாணவிகள் சிலர் இச்சபையில் இருக்கிறார்கள். துண்டில்லாமல் ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தேநீர் இடைவேளையில் அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.