சம்பளம் போட ஸ்காலர்ஷிப் பணம்: ஒரு கறுப்பினக் கல்லூரியின் கதை

(ஆய்வு மாணவர்கள் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நமக்கென்று சொந்தமாகக் கல்வி நிறுவனங்கள் வேண்டும்" என்று நம் மேடைகளில் அடிக்கடி பேசுகிறோம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அப்படிக் கட்டிய நிறுவனத்தில் பணம் தீர்ந்துபோனால் என்ன நடக்கும் என்பதை அதிகம் பேசுவதில்லை. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் இருக்கும் மோரிஸ் பிரவுன் கல்லூரி அதற்கு ஒரு பாடப்புத்தகம்.

தெற்கு மாநிலங்களில் இருந்த பல கறுப்பினக் கல்லூரிகளை வெள்ளைக்கார மிஷனரிகள் தொடங்கினார்கள். இது அப்படியல்ல. 1881ல் வேறொரு கல்லூரியைச் சேர்ந்தவர்கள், தங்கள் கட்டடத்தில் ஓர் அறைக்கு மேசை நாற்காலி வாங்கித் தரும்படி பிக் பெத்தேல் என்ற கறுப்பினத் திருச்சபைக்கு நன்கொடை கேட்டு வந்தார்கள். அடுத்தவர் கல்லூரிக்கு அறை போட்டுக் கொடுக்க முடியுமென்றால், நாமே ஒரு பள்ளி கட்டினால் என்ன என்று சபையில் ஒருவர் கேட்டாராம். அடிமை முறை ஒழிந்து பதினாறு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. 1885 அக்டோபரில் 107 மாணவர்கள், 9 ஆசிரியர்களோடு பள்ளி திறந்தது. பணம் போட்டவர்கள் ஏ.எம்.இ. எனப்படும் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையின் ஏழை மக்கள். வேறு எங்கும் இடம் கிடைக்காத பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வதுதான் இந்தக் கல்லூரியின் வழக்கம். மார்ட்டின் லூதர் கிங்கின் தளபதிகளில் ஒருவரான ஹோசியா வில்லியம்ஸ், புனைகதைக்காக புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவரான ஜேம்ஸ் ஆலன் மெக்ஃபெர்சன் இருவரும் இங்கே படித்தவர்கள்.

இன்னொரு செய்தி. இந்த வளாகத்தில் ஃபவுண்டன் ஹால் என்றொரு கட்டடம் உண்டு. அட்லாண்டா பல்கலைக்கழகம் அங்கே இயங்கிய காலத்தில் டபிள்யூ.இ.பி. டுபாய்ஸின் அலுவலக அறை அதில்தான் இருந்தது. 1946ல் அண்ணல் அம்பேத்கர் கடிதம் எழுதினாரே, அதே டுபாய்ஸ். அந்த ஆண்டுதான் மும்பையில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. சபைக்குக் காணிக்கை போட்டவர்களுக்கும் அண்ணலுக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது.

இனி பணக் கதை. பெரிய கல்லூரிகளுக்கு நிரந்தர வைப்பு நிதி இருக்கும். முதலில் கை வைக்காமல் அதன் வருமானத்தில் செலவு செய்வார்கள். ஹார்வர்டுக்கு 5,000 கோடி டாலருக்கு மேல் இருக்கிறது. அடிமைகளின் உழைப்பில் செழித்தவர்களின் நன்கொடையும் அந்தச் செல்வத்தில் உண்டு என்று 2022ல் ஹார்வர்டின் சொந்த அறிக்கையே ஒப்புக்கொண்டது. அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்கான கல்லூரிக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. மாணவர் கட்டும் கட்டணம்தான் வருமானம். மாணவரோ ஏழை. ஆக, மத்திய அரசு தரும் உதவித்தொகையும் கல்விக்கடனும்தான் அந்தக் கட்டணம். ஸ்காலர்ஷிப் வந்தால்தான் சம்பளம் என்று ஓடும் நம்மூர் சுயநிதிக் கல்லூரிகளை நினைத்துக்கொள்ளுங்கள், புரிந்துவிடும்.

1998ல் டாலோரஸ் கிராஸ் கல்லூரித் தலைவரானார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் பெண். பெரிய கனவுகளோடு வந்தவர். மாணவர் எண்ணிக்கை கூடியது, மாணவர்களுக்கு மடிக்கணினி தரப்பட்டது, விளையாட்டு அணிகள் செலவு பிடித்த மேல் பிரிவுக்குப் போயின. கையில் காசு இல்லை. அவரும் நிதியுதவிப் பிரிவின் இயக்குநரும் சேர்ந்து, படிப்பை விட்டுப்போனவர்கள், தகுதியில்லாதவர்கள், சேரவே சேராதவர்கள் பெயர்களில் அரசின் கடனையும் உதவித்தொகையையும் வாங்கினார்கள். அந்தப் பணம் பெரும்பாலும் போனது சம்பளப் பட்டியலுக்கும் அன்றாடச் செலவுக்கும்தான். 2002 தொடக்கத்தில் அவர் பதவி விலகினார். 2006ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நன்னடத்தைக் கண்காணிப்பும் வீட்டுக்காவலும் தண்டனையாகக் கிடைத்தன.

"தனக்கா எடுத்தார், கல்லூரிக்குத்தானே" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. எனக்கு இந்த வாதம் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வாங்கப்பட்டது அந்தப் பிள்ளைகளின் பெயரில் கடன். தங்களுக்குத் தெரியாமலேயே கடனாளியானவர்கள், இனத்தின் பெருமையைக் காப்பாற்றக் கல்லூரி கட்டிய மக்களின் பிள்ளைகள்தான். நம் சமூகத்து நிறுவனம் என்பதால் கணக்குக் கேட்கக் கூடாது என்ற பண்பாடு அங்கேயும் இருந்திருக்கிறது. அறங்காவலர் குழுவில் ஆட்கள் இருந்தார்கள். பேராயர்களும் இருந்தார்கள். வழக்கு மன்றத்துக்கு வரும்வரை யார் கணக்கைத் திறந்து பார்த்தார்கள்?

2002 டிசம்பரில் தெற்கு மாநிலங்களின் தரச்சான்று அமைப்பு அங்கீகாரத்தை ரத்து செய்தது. காரணம் கடனும் நிதி நிர்வாகமும். கடன் 2 கோடி டாலருக்கு மேல். வேடிக்கை என்னவென்றால், அதே மாதம் வெளியான 'டிரம்லைன்' என்ற ஹாலிவுட் படத்தில் இந்தக் கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழு முழங்கியது. திரையில் கொண்டாட்டம், வளாகத்தில் சாவு வீடு.

அங்கீகாரம் போனால் என்ன ஆகும்? அரசு உதவித்தொகை அந்தக் கல்லூரிக்கு வராது. அது வராவிட்டால் ஏழை மாணவர் வர முடியாது. மாணவர் வராவிட்டால் கட்டணம் இல்லை, கடனை அடைக்க வழியில்லை, ஆகவே அங்கீகாரமும் திரும்பாது. சுருக்குக் கயிறு மாதிரி. 2,500க்கும் மேல் இருந்த மாணவர் எண்ணிக்கை சில பத்துகளுக்கு இறங்கியது. கறுப்பினக் கல்லூரிகளுக்கு நிதி திரட்டும் கூட்டமைப்பும் அங்கீகாரம் இல்லாததால் விலக்கியது. தவறு செய்த தலைவரைத் தண்டிக்கிறோம் என்ற பெயரில், ஏமாற்றப்பட்ட மாணவர்களையே வெளியே தள்ளிய ஏற்பாடு இது. கணக்குக் கேட்பதும் கதவை மூடுவதும் ஒன்றல்ல.

அதன் பிறகு தலைவர்கள் மாறினார்கள், மின்சாரக் கட்டணத்துக்கும் தண்ணீர்க் கட்டணத்துக்கும் திண்டாடினார்கள். 2012ல் திவால் மனு. 2014ல் வளாகத்தின் பெரும்பகுதி விற்கப்பட்டது. 1996 ஒலிம்பிக்கில் ஹாக்கி நடந்த ஹெர்ண்டன் அரங்கம் பாழடைந்து கிறுக்கல்களோடு நின்றது. அந்தப் பெயர் அடிமையாகப் பிறந்து கோடீஸ்வரரான அலோன்சோ ஹெர்ண்டனின் பெயர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனைக்கும் கல்லூரி ஒருநாளும் முழுதாக மூடப்படவில்லை. இருபது முப்பது மாணவர்களை வைத்துக்கொண்டு பாடம் நடத்திய ஆசிரியர்கள் இருந்தார்கள். தலைவர்களின் பெயர்தான் செய்தியில் வருகிறது, இவர்கள் பெயர் வருவதில்லை.

2019ல் கெவின் ஜேம்ஸ் பொறுப்புக்கு வந்தார். வேறொரு தரச்சான்று அமைப்பிடம் விண்ணப்பித்து 2022 ஏப்ரலில் முழு அங்கீகாரம் வாங்கினார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள். இதை ஒரு தனி மனிதரின் சாதனையாகக் கொண்டாடும் கட்டுரைகளைப் படித்தேன். நல்ல தலைவர் வந்தார், மீண்டது. கெட்ட தலைவர் இருந்தார், வீழ்ந்தது. இந்தக் கதை வசதியானது. வைப்பு நிதி இல்லாமல், உதவித்தொகையை மட்டும் நம்பி நிற்கும் கல்லூரியில் யார் தலைவரானாலும் மாதக் கடைசியில் அதே சம்பளப் பட்டியல்தான் மேசைக்கு வரும்.

நம்மூருக்கு வருகிறேன். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் ஒன்றிய அரசும் மாநில அரசும் 60:40 என்று பங்கு போடுவதாக 2020 டிசம்பரில் முடிவானது. பங்கு யாருடையதாக இருந்தாலும், பணம் தாமதமானால் வகுப்புக்கு வெளியே நிற்பது மாணவர்தான். "பணத்தைக் கட்டிவிட்டு சான்றிதழை வாங்கிக்கொள்" என்பார்கள். "நிர்வாகம் மாறிவிட்டது, பழைய கணக்கு எங்களுக்குத் தெரியாது" என்பார்கள். உங்களில் பலர் இதைக் கேட்டிருப்பீர்கள். நிர்வாகம் மாறலாம். உங்கள் பெயரில் எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, எந்தக் கணக்குக்குப் போனது என்பது மாறாது. எழுத்தில் கேளுங்கள். கல்லூரியை நடத்துவது நம் ஆட்கள் என்றாலும் கேளுங்கள்.

உதவித்தொகை நிலுவையில் இருக்கும் தோழர்கள், சான்றிதழ் மாட்டிக்கொண்டவர்கள், கூட்டம் முடிந்ததும் ரசீதுகளோடு முன்வரிசைக்கு வாருங்கள். பட்டியல் எடுத்துக்கொள்ளலாம்.