வடிவ கணிதமும் காரணம் கேட்டலும்

 

வெள்ளி விழாவில் கல்வியின் பெருமையைப் பேசுவது வழக்கம். முன்னர்ப் பேசியோர் அதனை நன்கு எடுத்துரைத்தனர். நாம் இன்று வடிவ கணிதத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது நிரூபணம். நம் பிள்ளைகளுள் பலர் தேற்றத்தை நெட்டுருச் செய்கின்றனர். படத்திலுள்ள அ, ஆ, இ என்னும் எழுத்துகளை இடம் மாற்றிக் கொடுத்தால் பேனா நின்றுவிடுகிறது. தேற்றம் மனப்பாடச் செய்யுள் அன்று.

முக்கோணத்தின் மூன்று கோணங்களின் கூடுதல் 180 பாகை என்பதை எல்லோரும் அறிவோம். எவ்வாறு அறிவோம்? கோணமானியால் அளந்தால் ஒருமுறை 179 வரும். மறுமுறை 181 வரும். பென்சில் முனை தடித்தது என்று சமாதானம் சொல்லிக்கொள்வோம். ஆயிரம் முக்கோணங்களை அளந்தாலும் ஆயிரத்தோராவதற்கு உறுதி ஏது?

இதுவரை சரியாக வந்தது என்பதை நம்பலாகாது. ஒரு வட்டத்தின்மேல் 2 புள்ளிகளை வைத்து இணைத்தால் வட்டம் 2 பகுதிகளாகும். 3 புள்ளிகளை ஒன்றோடொன்று இணைத்தால் 4; 4 புள்ளிகளுக்கு 8; 5 புள்ளிகளுக்கு 16. ஆறாவது புள்ளிக்கு 32 என்று யாரும் சொல்வர். மூன்று கோடுகள் உள்ளே ஒரே இடத்தில் வெட்டாதபடி வரைந்து எண்ணிப் பாருங்கள், 31-தான் வரும்.

ஆகவே அளப்பதை விடுத்துக் காரணத்தைத் தேடுவோம். முக்கோணத்தின் உச்சி வழியே அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு வரைக. உச்சிக்கு இடப்புறம் உண்டாகும் கோணம் இடப்பக்க அடிக்கோணத்துக்குச் சமம், வலப்புறமும் அவ்வாறே. காரணம், அவை ஒன்றுவிட்ட கோணங்கள். இவ்விரண்டும் உச்சிக்கோணமும் சேர்ந்து ஒரு நேர்கோட்டின்மேல் அமைகின்றன. ஆதலின் கூடுதல் 180 பாகை. எந்த முக்கோணம் என்று நாம் சொல்லவே இல்லை. அதனால் எல்லா முக்கோணங்களுக்கும் இது பொருந்தும்.

ஏறத்தாழ கி.மு. 300-இல் யூக்ளிட் என்னும் கிரேக்க அறிஞர் 13 புத்தகங்களாக இயற்றிய 'எலிமென்ட்ஸ்' இம்முறையில் அமைந்தது. ஒப்புக்கொள்வன எவை என்று முதலில் சொல்லிவிட்டு, அவற்றிலிருந்து ஒவ்வொன்றாக நிறுவிச் செல்கிறார். சொன்னவர் யார் என்னும் கேள்வி அங்கு எழுவதில்லை. காரணம் சரியா என்பதே கேள்வி.

இனி மறுதலை என்பதைப் பார்ப்போம். மாமரம் எல்லாம் மரம். மரம் எல்லாம் மாமரம் அன்று. இது சிறுவனுக்கும் தெரியும். ஆயினும் 'நம் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது' என்று பிறர் சொல்லும்போது நாமும் தலையசைக்கிறோம். நம்மில் சிலர் வீட்டில் திருப்பியும் சொல்கிறோம். அதனைத் தேற்றம் போல எழுதிப் பார்ப்போம். தரவு: பலர் கணக்கில் தவறினர். முடிவு: அவர்களுக்குக் கணக்கு வராது. இடையில் இருக்க வேண்டிய வரி எங்கே? கணக்கு வராதவன் தவறுவான் என்று ஒப்புக்கொண்டாலும், தவறியவன் எல்லாம் கணக்கு வராதவன் என்பது அதன் மறுதலை. அது தனியே நிரூபிக்கப்பட வேண்டியது. கணக்காசிரியர் இல்லாமற் கழிந்த ஆண்டும், நடவு நாளில் வகுப்புக்கு வாராத வாரங்களும் தோல்விக்குக் காரணமாகக் கூடும். தவிர, 'எவருக்கும் வராது' என்னும் கூற்றை வீழ்த்த ஓர் எடுத்துக்காட்டே போதும். இவ்வரங்கில் அமர்ந்திருக்கும் பொறியாளர்களை எண்ணிக்கொள்க.

மறுதலை உண்மையாகும் இடமும் உண்டு. நம்மவருள் கொத்து வேலை செய்வோர் பலர். நூல் கட்டும்போது மூலையிலிருந்து ஒரு நூலில் 3 அடியும் மறு நூலில் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பர். இது பைதாகரஸ் தேற்றம் என்று பலரும் கூறுவர். உற்று நோக்கின் அது அன்று. தேற்றத்தில் செங்கோணம் தரவு. கர்ணத்தின் நீளம் முடிவு. கொத்தனாருக்கோ நீளம் தரவு, செங்கோணமே முடிவு. யூக்ளிட் தம் முதற் புத்தகத்தில் 47-ஆவதாகத் தேற்றத்தையும், 48-ஆவதாக இம்மறுதலையையும் தனித்தனியே நிறுவியுள்ளார்.

அந்நிரூபணம் மிகச் சிறியது. வேறோர் இடத்தில் ஒரு செங்கோணம் வரைந்து, அதன் கரங்களில் 3-உம் 4-உம் குறிக்க. அங்குச் செங்கோணம் தரவாதலின் தேற்றப்படி கர்ணத்தின் வர்க்கம் 9-உம் 16-உம் சேர்ந்த 25; கர்ணம் 5. கொத்தனாரின் முக்கோணத்துக்கும் பக்கங்கள் 3, 4, 5. மூன்று பக்கங்களும் முறையே சமமாதலின் இரு முக்கோணங்களும் சர்வசமம். ஆகவே 5-க்கு எதிரேயுள்ள கோணங்களும் சமம். எனவே கொத்தனாரின் மூலை செங்கோணமே.

இளைஞர்கள் 5, 12, 13 என்னும் எண்களைக் கொண்டு, புத்தகத்தைப் பாராமல், ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் எழுதி வருக. ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்தில் கூடிச் சரிபார்ப்போம்.