பதினைந்தடி ரப்பர் குழாய்



‘என் ஆசான்’ என்று தலைப்புக் கொடுத்தீர்கள். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் தமக்கு யாப்புச் சொல்லிக்கொடுத்த தமிழையாவைப் பற்றிப் பேசினார். அக்கா தன் வீணை டீச்சரைப் பற்றிச் சொல்லும்போது கண் கலங்கினார். நான் பேச வந்திருப்பது ஒரு கடைக்காரரைப் பற்றி. மயாமிக்குத் தெற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு சலவைக் கடைக்கும் ஒரு சாவிக் கடைக்கும் நடுவே இருந்த சின்னக் கடை. அங்கே அவர் விற்றது பல்லி, ஓணான், பாம்பு, ஆமை. இன்று நான் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர். கல்லூரி எனக்குப் பட்டம் கொடுத்தது. கண் கொடுத்தவர் அவர். பெயர் சொல்லவில்லை. கடைப்பலகையில்கூடத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளாத மனிதர். அவர் மனசுப்படியே இருக்கட்டும்.

1993ஆம் வருஷம். எனக்கு 12 வயது. முந்தைய ஆண்டு ஆகஸ்டு 24 அன்று ஆண்ட்ரூ புயல் அடித்துப்போட்ட பகுதி அது. செங்கல்பட்டிலிருந்து நாங்கள் வந்து இறங்கியபோதும் சில வீடுகளின் கூரையில் நீலத் தார்ப்பாய்தான் கிடந்தது. எனக்கு ஆங்கிலம் காதில் விழும், வாயில் வராது. சனிக்கிழமைதோறும் அம்மா சலவைக் கடையில் துணி போடுவாள். இயந்திரம் சுற்றி முடியும்வரை எனக்கு வேலை இல்லை. ஒருநாள் பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

மழை பெய்து ஓய்ந்த தோப்பின் வாசனை. ஈர மரப்பட்டை, வெதுவெதுப்பு, கண்ணாடித் தொட்டிகளுக்கு மேலே மஞ்சள் விளக்குகள். நெஞ்சு அடித்துக்கொண்டது. பாம்பென்றால் கம்பெடுக்கும் ஊரிலிருந்து வந்த பையன் நான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, “கை கழுவு.” கல்லாவுக்குப் பக்கத்திலேயே ஒரு தொட்டியும் சோப்பும் இருந்தன. வந்ததும் கழுவ வேண்டும், போகும்போதும் கழுவ வேண்டும். ஏனென்று பிறகுதான் சொன்னார். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மொனெல்லா கிருமி இருக்கும். அவற்றுக்கு ஒன்றும் செய்யாது, குழந்தைகளைப் படுக்கையில் தள்ளிவிடும். அதனால்தான் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைக்குட்டியை விற்கக் கூடாது என்று 1975இலேயே அமெரிக்க அரசு தடை போட்டது. உள்ளே வரும்போது கழுவுவது எதற்கு என்று கேட்டேன். “அது அவற்றுக்காக” என்றார்.

என்னை அவர் ‘கிட்’ என்றுதான் கூப்பிடுவார். நம் ஊரில் கடைக்காரர் ‘தம்பி’ என்பாரே, அதே குரல்.

முதல் பார்வையிலேயே என் மனசைப் பறித்தது ஒரு லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், தடித்த வால். நம் வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. இது இமையை மூடித் தூங்கும். விரலில் ஒட்டும் பட்டை இல்லாததால் சுவர் ஏறாது. “இதன் பூர்வீகம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியா. உனக்குப் பக்கத்து ஊர்க்காரர்” என்றார். புது நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் ஊர்க்காரர் அந்தப் பல்லிதான். விலை கேட்டேன். அவர் விலை சொல்லவில்லை. “இது 15 வருஷம் இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம். அப்போது உனக்கு 27 வயது. எங்கே இருப்பாய்? இது எங்கே இருக்கும்?” என்று கேட்டார். 12 வயதுப் பையனிடம் அதுவரை யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. பதில் தெரியாமல் நின்றேன். “தெரியும்வரை சனிக்கிழமை வா. தொட்டி துடைக்கலாம்” என்றார்.

இரண்டு மாதம் துடைத்தேன். அதன்பிறகு ஒருநாள் அந்தப் பல்லியைப் பெட்டியில் வைத்து என் கையில் கொடுத்தார். வீட்டில் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே போனேன். அம்மா பெட்டியை எட்டிப் பார்த்தாள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட்டவள் அவள். “பல்லிதானே, இருந்துட்டுப் போகட்டும்டா” என்று சொல்லிவிட்டாள். அதற்கு இரையாக வாங்கி வந்த சுவர்க்கோழிகளில் நாலைந்து தப்பி, ராத்திரி முழுக்கச் சமையலறையில் கத்தின. நான் திட்டு வாங்கத் தயாராக எழுந்து போனால், அம்மா இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். “நம்ம வீட்டுக் கொல்லை மாதிரியே இருக்குடா” என்றாள். அந்த நாட்டில் அவள் நிம்மதியாகச் சொன்ன முதல் வாக்கியமாக அதுதான் என் நினைவில் நிற்கிறது.

அந்தக் காலத்தில் பச்சை இகுவானா மோகம் பெருகியிருந்தது. ‘ஜுராசிக் பார்க்’ படம் வந்த வருஷம்; பிள்ளைகளுக்கெல்லாம் வீட்டில் ஒரு குட்டி டைனோசர் வேண்டும். சந்தையில் சொற்ப விலைக்குக் கிடைத்தது. வாங்கிப்போன சில மாதங்களில் அவற்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் கடைக்கு ஓடிவருவார்கள். தாடை ரப்பர்போல வளையும், கால் நடுங்கும், தொடை வீங்கியிருக்கும். எங்கோ வாங்கிய பிராணிதானே என்று அவர் ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. என்னைப் பக்கத்தில் நிற்கவைத்து அந்தத் தாடையை மெல்லத் தொட்டுக் காட்டுவார். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் டி3 வைட்டமின் உண்டாகும்; அது இருந்தால்தான் தின்கிற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். சேராவிட்டால் உடம்பு தன் எலும்பையே கரைத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். “ஜன்னலோரம்தான் வைத்திருந்தோம், நல்ல வெயில்” என்பார்கள் பெற்றோர். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், அந்தக் கதிரை விடாது. இதை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்! ஒருமுறைகூடக் குரல் உயர்ந்ததில்லை. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தடவி இளவெயிலில் கிடத்தும் என் பாட்டியைப் பற்றி அவரிடம் சொன்னேன். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். “உன் பாட்டி இங்கே இருந்தால் பாதி இகுவானா பிழைத்திருக்கும்” என்றார்.

இனி அந்த ரப்பர் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடைச் சுவரில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாய் ஒன்று தொங்கும். சரியாக 15 அடி. பர்மிய மலைப்பாம்புக் குட்டி வேண்டுமென்று யாராவது வந்தால் அதைக் கழற்றித் தரையில் நீட்டுவார். ஒரு முனையில் அவரை நிற்கச் சொல்வார். “இப்போது கைக்கடக்கமாக இருக்கும். ஓரிரண்டு ஆண்டில் உங்கள் உயரத்தைத் தாண்டும். பெண்ணாக இருந்தால் இந்தக் குழாயையும் தாண்டலாம். 20 வருஷம் வாழும். எந்த அறையில் வைப்பீர்கள்?” வந்தவர் குழாயின் மறுமுனையைத் தேடுவார். குழாய் கடை வாசலைத் தாண்டி நடைபாதையில் கிடக்கும். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டே வேறு ஏதாவது வாங்கிப் போவார்கள். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. வியாபாரம் போகிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். அவர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். கடை தொடங்கிய புதிதில் அவரும் அந்தப் பாம்பை விற்றவர்தான். 11 குட்டிகள். ஒவ்வொன்றும் யாரிடம் போனது என்று எழுதி வைத்திருந்தார். பின்னாளில் ஒவ்வொருவரையும் தேடிப்போய் விசாரித்திருக்கிறார். “ஏழின் கதி தெரியும். நாலு தெரியவில்லை” என்றார். அந்த நாலு என்ற எண்ணை அவர் உச்சரித்த விதம் இன்னும் என் காதில் இருக்கிறது.

எனக்கும் அந்த நோட்டில் ஒரு பக்கம் உண்டு. அப்போது எனக்கு 14 வயது. கார்ன் ஸ்னேக் குட்டிகள் இருந்த பெட்டிகளைச் சுத்தம் செய்தேன். பெட்டிக்கு அடியில் சூட்டுத் தகடு இருக்கும். சூட்டை அளக்கும் கம்பியின் நுனி பெட்டிக்குள் இருக்க வேண்டும். அது சொல்கிறபடிதான் கருவி தகட்டை அணைக்கும், ஏற்றும். நான் நுனியை வெளியே எடுத்து வைத்தவன் திரும்பச் செருக மறந்துவிட்டேன். ஏசி அறையின் குளிர்ந்த காற்றில் அது கிடந்தது. பெட்டி குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துக் கருவி இரவு முழுக்கச் சூடேற்றிக்கொண்டே இருந்தது. காலையில் மூன்று குட்டிகள் செத்துக் கிடந்தன. விரல் கனம்கூட இருக்காது. முட்டையிலிருந்து அவை தலை நீட்டியதைப் பார்த்தவன் நான்.

அவர் திட்டவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. நோட்டை என் முன்னால் திறந்து வைத்தார். தேதி, எத்தனை, காரணம் என்று மூன்று கட்டங்கள். காரணம் என்ற கட்டத்தில் ‘கம்பியை வெளியே விட்டுவிட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சாவிக் கடைக்குப் பின்னாலிருந்த பூவரச மரத்தடியில் இருவரும் புதைத்தோம். ஆம், அந்த ஊரிலும் பூவரசு உண்டு. இனி இந்தக் கடையில் எனக்கு இடமில்லை என்று எண்ணிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். “நாளை காலை வெப்ப அளவை நீ எழுது. தினமும் நீதான் எழுத வேண்டும்” என்றார்.

அவர் யாரிடம் கற்றார் என்று சிலர் கேட்பதுண்டு. 1947இல் பில் ஹாஸ்ட் என்பவர் மயாமியில் ‘செர்பென்டேரியம்’ என்ற பாம்புப் பண்ணையைத் திறந்தார். வாசலில் 35 அடி உயரக் கான்கிரீட் நாகம் படமெடுத்து நிற்கும். பார்வையாளர்கள் முன்னிலையில் வெறுங்கையால் பாம்பைப் பிடித்து நஞ்செடுப்பார் ஹாஸ்ட். 170 முறைக்கு மேல் கடிபட்டும், 2011இல் இறந்தபோது அவருக்கு வயது 100. எங்கள் கடைக்காரர் சிறுவனாக அந்த வேலியோரம் நின்று பார்த்தவர். 1960களில் அதே பண்ணையில் ஹாஸ்ட்டிடம் வேலை செய்த ஓர் இளைஞர்தான் ராமுலஸ் விட்டேகர். அவர் 1969இல் தாம்பரத்துக்குப் பக்கத்தில் சேலையூரில் பாம்புப் பண்ணை தொடங்கி, 1972இல் கிண்டிக்குக் கொண்டுபோனார். நான் ஐந்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பார்த்த கிண்டிப் பாம்புப் பண்ணை அது! இதைச் சொன்னதும் கடைக்காரர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வந்தார். விட்டேகர் எழுதி 1978இல் வந்த இந்தியப் பாம்புகள் பற்றிய கையேடு. பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொன்றுக்கும் தமிழில் என்ன பெயர் என்று கேட்டார். கண்ணாடிவிரியன், கட்டுவிரியன், சாரை. ‘கொம்பேறி மூக்கன்’ மட்டும் நன்றாகச் சொல்லிப் பழகிக்கொண்டார். அன்றைக்கு என் மொழி அந்தக் கடையில் உபயோகமான மொழியாயிற்று.

ஆண்டுகள் ஓடின. வளர்த்தவர்கள் விட்டதும் தப்பியதுமாகப் பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகின. 2012இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அங்கே சாலையோரம் கண்ணில் படும் ரக்கூன்கள் 99 சதவீதம் குறைந்துவிட்டதாகச் சொன்னது. அதே ஆண்டு அந்தப் பாம்பை இறக்குமதி செய்யத் தடை வந்தது. 2013இல் அவற்றைப் பிடிக்க அரசு போட்டி வைத்தது. சுமார் 1,600 பேர் ஒரு மாதம் அலைந்து 68 பாம்புகளைத்தான் பிடித்தார்கள்.

2017 ஜனவரியில் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அந்தப் பாம்புகளைப் பிடிக்க இரண்டு பேரை வரவழைத்தது. நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள், மாசி சடையனும் வடிவேல் கோபாலும். மருந்துக்கு நஞ்செடுக்க 1978இல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் கூட்டுறவுச் சங்கத்தின் மரபில் வந்தவர்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள். அதில் ஒன்று 16 அடி. அவர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது உங்களுக்குத் தெரியும்.

2017இல் அவர்களைப் பற்றிய செய்தி வந்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டு நான் கடைக்காரர் வீட்டுக்குப் போனேன். கடை மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. எண்பதை நெருங்கிய உடம்பு, கட்டிலோடு இருந்தார். வாசித்துக் காட்டினேன். எத்தனை பிடித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை, எப்படிப் பிடித்தார்கள் என்றுதான் கேட்டார். மற்றவர்கள் சாலையிலும் கரையிலும் போகிறார்கள், இவர்கள் ஓர் இரும்புக் கம்பியோடு நேரே அடர்ந்த புதருக்குள் நுழைகிறார்கள், மெதுவாக நடந்து தடம் பார்க்கிறார்கள் என்றேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், கொஞ்ச நேரம் கழித்து, “நாலு” என்றார். எனக்கு மட்டும்தான் அது புரிந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு அவர் போனபிறகு, அவருடைய மகள் அந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். வீட்டுக்கு வந்து முதலில் என் பக்கத்தைத்தான் தேடினேன். என் 14 வயதுக் கையெழுத்து அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த பக்கங்களில் தினமும் காலை நான் எழுதிய வெப்ப அளவுகள். ஆனால் ஒவ்வொரு நாளின் கீழேயும், நான் அறியாத இன்னொரு வரி பென்சிலில் இருந்தது. இரவு 11 மணி, இவ்வளவு டிகிரி, கம்பி உள்ளே. அவருடைய வீட்டிலிருந்து கடைக்கு 12 மைல். எண்ணிப் பார்த்தேன்: 43 இரவுகள். அவற்றைப் பற்றி என்னிடம் அவர் ஒரு சொல்கூடச் சொன்னதில்லை.

அந்த நோட்டையும் பச்சைக் குழாயையும் இன்று கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கின்றன. விழா முடிந்ததும் பிள்ளைகள் வந்து பார்க்கலாம். குழாயை நீட்டிப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். கை கழுவிவிட்டு வாருங்கள்.