விமானத் துறையில் நம் பிள்ளைகளுக்கு இடம் எங்கே?



எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நம் வீடுகளில் ஒரு பேச்சு: "பையன் விமான இன்ஜினியரிங் எடுக்கிறான், பி.டி.பி.டி.என். கடன் போட்டாயிற்று." மகிழ்ச்சிதான். ஆனால் கட்டணம் கட்டுமுன் இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

வேலை இருக்கிறது. 2015-இல் அரசாங்கம் வெளியிட்ட விமானத் துறைத் திட்டம், 2030-க்குள் 32,000 வேலைகள் என்று இலக்கு வைத்தது. என்ன வேலை என்பதுதான் கேள்வி. நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் விமானத்தை வடிவமைக்கும் வேலை மிகக் குறைவு. சுபாங்கிலும் சிலேத்தாரிலும் பழுதுபார்ப்பும் பராமரிப்பும் அதிகம். மலாக்கா பத்து பெரண்டாமில் ஏர்பஸ் இறக்கைப் பாகங்கள் செய்கிறார்கள். செரண்டாவில் ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சினின் விசிறி உறை.

பராமரிப்பு முடிந்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போட, பார்ட் 66 லைசன்ஸ் வேண்டும். பி1 என்றால் எஞ்சினும் விமான உடலும். பி2 என்றால் மின்னணுக் கருவிகள். நான்கு வருட டிகிரி மட்டும் அந்தக் கையெழுத்து உரிமையைத் தராது. தொழிற்சாலை இன்ஜினியர் ஆக டிகிரி உதவும், மறுக்கவில்லை. ஆகவே கல்லூரியில் நேராகக் கேளுங்கள்: பார்ட் 147 அங்கீகாரம் உண்டா, எந்தப் பிரிவுக்கு? பதிலுக்கு வண்ணப் புத்தகத்தைக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேர்வில் பாஸானாலும் லைசன்ஸ் உடனே கைக்கு வராது. உண்மையான விமானங்களில் சில ஆண்டுகள் வேலை அனுபவம் வேண்டும். பயிற்சியாளராக யாராவது சேர்த்துக்கொண்டால்தானே அனுபவம்? நம் பிள்ளைகள் நிற்பது இந்த வாசலில்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2023 ஜனவரியில் அமலுக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின் 69எஃப் பிரிவு, தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான பாகுபாட்டுப் பிரச்சினையை விசாரிக்கத் தொழிலாளர் இலாகா தலைமை இயக்குநருக்கு அதிகாரம் தருகிறது. வேலை கேட்டு விண்ணப்பித்தவன் இன்னும் தொழிலாளி ஆகவில்லையே! அவன் எங்கே போவான்? சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், ஆள் சேர்ப்பதில் இனப் பாகுபாட்டையும் தடுக்கிறது. அங்கே எழுத முடிந்ததை இங்கே ஏன் எழுத முடியாது?

அரசாங்கத் தொடர்புடைய விமான நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பயிற்சியாளர்களை, எந்தெந்த இனத்திலிருந்து எடுத்தன என்று வெளியிட வேண்டும். இது நம் கோரிக்கை. கோரிக்கைக்கு ஆதாரம் வேண்டும். விண்ணப்பக் கடிதம், விளம்பரம், நிராகரிப்புப் பதில் எதையும் தூக்கி எறியாதீர்கள். தேதி எழுதி ஒரு ஃபைலில் வைத்து, அடுத்த கூட்டத்திற்குக் கொண்டு வாருங்கள்.