ஒருவரும் வெளியே போகாத விளையாட்டுகள்

(நம் பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டையொட்டித் தோப்பூரில் நடைபெற்ற ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொக்டர் ஒருத்தி பேச எழும்பினால் சீனி, கொலஸ்ட்ரோல், பிரஷர் என்றுதான் தொடங்குவாள் என்ற பயம் சில முகங்களில் தெரிகிறது. பக்கத்து மேசையில் தொதலும் மஸ்கட்டும் காத்திருக்கும்போது அந்தப் பாவத்தைச் செய்ய மாட்டோம். இன்று கதைக்கப் போவது விளையாட்டைப் பற்றி. அதுவும் மைதானத்து விளையாட்டு அல்ல. பாயை விரித்து, கதிரைகளை வட்டமாகப் போட்டு, வீட்டுக்குள் இருந்து விளையாடுவது. சில வருடங்களாக நம் ஒன்றுகூடல்களில் அந்தப் பொறுப்பு எங்கள் வகுப்பின் தலையில் இருக்கிறது. இந்த உரையில் ‘நாங்கள்’ என்று வரும் இடமெல்லாம் அந்த வகுப்புத்தான். செய்த பிழைகளையும் சேர்த்தே சொல்கிறோம்.

எங்களில் பலர் மூதூர்க் கரையிலிருந்து கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடந்து திருகோணமலைக்குப் படிக்க வந்த விடுதிப் பிள்ளைகள். அப்போது கிண்ணியாவில் பாலம் இல்லை. அது திறந்தது 2009இல். வாடைக்காற்றும் மாரி மழையும் தொடங்கினால் கடல் கொந்தளிக்கும், லோஞ்ச் ஓடாது, சனி ஞாயிறு விடுதியிலேயே கழியும். கரண்டும் போய்விடும். அந்த நாட்களில் எங்களை அழாமல் வைத்திருந்தவை ஐந்து கற்களும் ஒரு கொப்பித் தாளும்தான்.

கொக்கான் வெட்டுவதை இங்கே யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு கல்லை மேலே எறிந்து, அது இறங்குவதற்குள் கீழேயுள்ளதை வாரி, இறங்கும் கல்லையும் பிடிக்க வேண்டும். முதலில் ஒவ்வொன்றாக, பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்றும் ஒன்றும், கடைசியில் நான்கும் ஒரே வாரலில். சங்கப் பாடல்களில் பெண்கள் கழற்சிக்காயை வைத்துக் கழங்கு ஆடுகிறார்கள். பழைய கிரேக்கத்துப் பெண்களும் ஐந்து கல் எறிந்து புறங்கையில் ஏந்தி விளையாடினார்கள். இரண்டாயிரம் வருடமாகப் பெண்கள் கைமாற்றி வந்த விளையாட்டு, எங்கள் பிள்ளைகளின் கைக்கு வந்து சேராமல் எங்களோடு நின்றுவிட்டது. அது எங்கள் தவறு.

இனி நாங்கள் செய்த பிழைகள்.

முதல் பிழை சங்கீதக் கதிரை. பல வருடங்களுக்கு முன்பு ஓர் ஒன்றுகூடலில் இருபது பேரை ஓட விட்டோம். முடிவில் ஒரே கதிரைக்கு இரண்டு பேர் பாய்ந்ததில், ஐம்பதைத் தாண்டிய அக்கா ஒருவர் கையை ஊன்றி விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பின் அடர்த்தி குறைகிறது என்பதும், விழும்போது கையை ஊன்றினால் முதலில் முறிவது மணிக்கட்டு என்பதும் எங்களுக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்திருந்தும் ஓட விட்டோம். அன்று இன்னொன்றையும் கவனித்தோம். அந்த விளையாட்டில் முதல் சுற்றிலேயே ஒருத்தி வெளியே போகிறாள். பிறகு அரை மணித்தியாலம் சுவரோடு சாய்ந்து நிற்கிறாள். தேர்ந்தெடுத்ததுபோல அவள் வயதில் மூத்தவளாகவோ, முழங்கால் நோவுள்ளவளாகவோ, கூச்சமுள்ளவளாகவோ இருக்கிறாள். யாரோடு பேச வேண்டும் என்று நாம் கூடினோமோ அவளைத்தான் முதலில் அனுப்புகிறோம்.

இரண்டாவது பிழை, விளையாட்டு என்று நாங்கள் நினைக்காத ஒன்று. சுயஅறிமுகம். ஒவ்வொருவராக எழும்பி, பெயர், வேலை, கணவரின் தொழில், பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்று சொல்வது. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி இதே தோப்பூரில் இருக்கிறாள். விடுதியில் கொக்கானில் அவளை வெல்ல ஆளில்லை. தொடர்ந்து மூன்று ஒன்றுகூடல்களுக்கு அவள் வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டோம். இடியப்பத் தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்: “ஒவ்வொருத்தராய் எழும்பி டொக்டர், டீச்சர், லண்டன் எண்டு சொல்லுவீங்க. இடம்பெயர்ந்து திரிஞ்சதில எனக்குப் படிப்பும் போச்சு. நான் எழும்பி என்னத்தச் சொல்ற?”

பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து சுயஅறிமுகத்தை நிறுத்தினோம். அந்த இடத்தில் விளையாட்டை வைத்தோம். நான்கு விதிகளையும் வகுத்துக்கொண்டோம். ஒருவரும் வெளியே போகக் கூடாது. இருந்தபடியே விளையாட வேண்டும். காசு வைக்கக் கூடாது. எவருடைய மார்க்கத்துக்கும் மனதுக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது. நாலாவதைச் சற்று விளக்க வேண்டும். தாயக்கட்டை உருட்டுவதை மார்க்கக் காரணத்தால் தவிர்க்கும் தோழியர் நம்மிடையே இருக்கிறார்கள். இசை வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஓரமாக இருத்திவிட்டு மற்றவர்கள் சிரிப்பது ஒன்றுகூடல் ஆகாது. தாயமும், இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் அவர்கள் நடத்தி நம் வீடுகளையெல்லாம் பாட வைத்த பாட்டுக்குப் பாட்டும் நல்ல விளையாட்டுகளே. எல்லோரும் விரும்பும் கூட்டத்தில் தாராளமாக வைக்கலாம். கலந்த கூட்டத்தில் வேறு நிறைய இருக்கின்றன.

காதோடு காது சொல்லும் விளையாட்டை முதலில் வையுங்கள், இறுக்கம் தளரும். ஒரு வசனத்தை முதல் ஆளின் காதில் ஒரே ஒரு தடவை சொல்ல வேண்டும். திருப்பிக் கேட்கக் கூடாது. போன முறை “மூதூர் லோஞ்ச் மூன்று மணிக்கு” என்று தொடங்கியது, பதினெட்டுக் காது தாண்டி “மூத்தம்மாட லஞ்ச் முட்டைக்கறி” என்று வந்து சேர்ந்தது. வாட்டில் ஒரு மருந்தின் பெயரை ஏன் எழுதிக் கொடுக்கிறோம், ஏன் திருப்பிச் சொல்லச் சொல்கிறோம் என்பது அன்று எல்லோருக்கும் விளங்கியது.

அடுத்தது தட்டு விளையாட்டு. ஒரு தட்டில் இருபது பொருட்களை வைத்து, ஒரு நிமிடம் காட்டி, துணியால் மூடிவிட்டு, நினைவில் உள்ளதை எழுதச் சொல்வது. ருட்யார்ட் கிப்ளிங் 1901இல் எழுதிய ‘கிம்’ நாவலில் இது வருவதால் ஆங்கிலத்தில் அந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். நாங்கள் வைப்பது சிரட்டை அகப்பை, சோகி, பாக்குவெட்டி, லோஞ்ச் டிக்கட், பாடசாலைக் கழுத்துப்பட்டி போன்றவை. இரண்டு பேராகச் சேர்ந்து எழுதட்டும். ஒருவர் மறந்தது மற்றவருக்கு வரும். ஒரு வேண்டுகோள்: தட்டில் நாலைந்தை மறந்ததற்காகப் பக்கத்தில் இருப்பவருக்கு மறதி நோய் என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

நொடி போடுவதற்குச் செலவே இல்லை. பழைய நொடிகளுக்கு எல்லோருக்கும் விடை தெரிந்திருப்பதால் புதிதாகக் கட்டச் சொல்கிறோம். எங்கள் குழு கட்டியது இது: ‘ஆளை ஏற்றும், ஆனால் காலில்லை; தண்ணீரில் நடக்கும், நனைவது வயிறு மட்டும். அது என்ன?’ இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு விடை சொல்லத் தேவையில்லை.

பல்லாங்குழிக்கு இருவர்தான் தேவை என்றாலும் சுற்றி நின்று யோசனை சொல்ல இருபது பேர் வந்துவிடுவார்கள். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. பலகை இல்லையென்றால் முட்டைத் தட்டை வெட்டிக்கொள்ளலாம். சிங்களச் சகோதரிகள் சித்திரைப் புத்தாண்டுக்கு ஆடும் ‘ஒலிந்த கெலிய’வும் இதன் உறவுதான். ‘ஒலிந்த’ என்றால் குன்றிமணி. இந்த இடத்தில் மட்டும் டொக்டராகப் பேச அனுமதியுங்கள். குன்றிமணியின் பருப்பு கொடிய நஞ்சு. தோல் உடையக் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. குழந்தைகள் உலவும் வீட்டில் அதை எடுக்கவே வேண்டாம். புளியங்கொட்டை போதும். அதையும் கைக்குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள், தொண்டையில் அடைக்கும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சீட்டுக்கட்டில் முந்நூற்றுநாலு ஞாபகம் இருக்கும். கட்டிலுள்ள புள்ளிகளைக் கூட்டினால் வரும் தொகையே அதன் பெயர். நால்வர் இரண்டு சோடியாக ஆடுவது. பேரப்பிள்ளையும் மூத்தம்மாவும் ஒரே சோடியாக இருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தமிழில் எண்ணவும் வரும்.

கடைசியாக ‘பெயர், ஊர், மிருகம், சாமான்’. கொப்பித் தாளில் நாலு நிரல். ஒருத்தி மனதுக்குள் எழுத்துகளைச் சொல்லிக்கொண்டு போவாள். மற்றவள் “நிற்பாட்டு” என்பாள். விழுந்த எழுத்தில் நாலையும் எழுத வேண்டும். வேறு யாரும் எழுதாத விடைக்குப் பத்துப் புள்ளி, இருவர் எழுதியிருந்தால் ஐந்து.

போன வருடம் தோப்பூரில் இதை வைத்தபோது எழுத்து ‘க’ விழுந்தது. ஊர் நிரலை வாசிக்கச் சொன்னோம். முதலாமவள் கந்தளாய் என்றாள். அடுத்தவளும் கந்தளாய். அதற்கடுத்தவளும். கண்டி இருக்கிறது, கிண்ணியா இருக்கிறது, கொழும்பு இருக்கிறது. ஆனாலும் ஏழு தாள்களில் கந்தளாய். முதலில் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றது. 2006 ஆகஸ்டில் மூதூரும் தோப்பூரும் ஓடிச் சேர்ந்த இடம் அது. அவசரத்தில் எழுதச் சொன்னால் கை எந்த ஊரை எழுதும் என்று கைக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போது சம்பூர்ப் பக்கத்துத் தோழி ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்: “எழுத்து ‘வ’ விழுந்திருந்தா நான் வாகரை எண்டு எழுதியிருப்பன்.” அதே வருடம் அவர்கள் வெருகலைத் தாண்டி வாகரைக்கும், பிறகு மட்டக்களப்புக்கும் போனவர்கள். சம்பூரில் பலர் ஊர் திரும்பியது 2015க்குப் பிறகு. ஒரே விடுதியில் ஒரே தட்டில் சாப்பிட்ட நாங்கள் அந்த வருடம் இரண்டு திசையில் ஓடியிருக்கிறோம். பத்து வருடத்துக்கு மேலாகச் சந்தித்தும் அதை ஒருவரையொருவர் கேட்டதில்லை. கேட்கக் கூச்சம், சொல்லப் பயம், பிழையாக விளங்கிவிடுமோ என்ற தயக்கம். ஒரு கொப்பித் தாள் அதைக் கேட்டுவிட்டது. அன்று தேநீர் ஆறிப்போனது. அஸர் நேரம் வரும்வரை கதைத்தோம்.

புள்ளி போட வேண்டிய நேரம் வந்தபோது, விதிப்படி கந்தளாய்க்கு ஆளுக்கு ஐந்துதான் என்றோம். இடியப்பம் அவிக்கும் எங்கள் தோழி, ஆம், அன்று அவளும் வந்திருந்தாள், “அஞ்செண்டாலும் எல்லாருக்கும் அஞ்சுதானே, போடுங்க” என்றாள். பிறகு மடியிலிருந்து ஐந்து கல்லை எடுத்துப் பாயில் போட்டாள். எங்களில் ஒருத்தராலும் மூன்றாவது சுற்றைத் தாண்ட முடியவில்லை. அவள் நான்கையும் வாரிவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருவருக்குக் கையைப் பிடித்துப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன வேலை செய்கிறாள் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

விளையாட்டு எல்லாக் காயத்தையும் ஆற்றும் என்று மருத்துவர்களாகிய நாங்கள் சொல்லப் போவதில்லை. ஆனால் தனிமை உடம்பையும் கெடுக்கிறது என்பது தெரிந்த விடயம். 2023இல் உலக சுகாதார நிறுவனம் சமூகத் தொடர்புக்கென்றே ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. எங்களிடம் வரும் வயதான தாய்மார் பலர் நோவைச் சொல்லி முடித்த பிறகும் எழும்பாமல் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாத்திரையோடு, பின்னேரத்தில் ஒரு வட்டமும் தேவைப்படுகிறது.

நூற்றாண்டு காணும் சங்கத்திடம் எங்கள் வகுப்பு வைக்கும் வேண்டுகோள் மூன்று. இனி வரும் ஒன்றுகூடல்களில் சுயஅறிமுகத்தை விட்டுவிடுவோம். பெயரும் படித்த வருடமும் போதும். வராமல் போன தோழியரை அழைப்பிதழ் அனுப்பாமல் நேரில் போய் அழைப்போம். மூன்றாவது, உலகின் எந்த மூலையிலிருந்து இந்த மலரை வாசிக்கும் சகோதரியும், தன் உம்மாவோ அம்மாவோ சொல்லித் தந்த ஒரு விளையாட்டின் விதியை ஒரு தாளில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும். உங்கள் வீட்டு விதியையே எழுதுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்வோம்.

பேச்சு நீண்டுவிட்டது. பாய் விரித்தாகிவிட்டது, கற்களும் தயார். முழங்கால் நோவுள்ளவர்களுக்குக் கதிரையும் பலகையும் போட்டிருக்கிறோம். இன்று எந்தக் கதிரையையும் எடுக்க மாட்டோம். வந்து இருங்கள்.